செயின் கழுவிய தண்ணீர்

1986 கோடை விடுமுறை. சென்னிமலைக் கடைவீதியில் ஒரு வாடகை சைக்கிள் கடை. வாசலில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் தகரத் தட்டின் முன் குந்தியிருக்கிறான். தட்டில் ரேஷன் கடை மண்ணெண்ணெய். அதில் ஒரு செயின் ஊறிக்கொண்டிருக்கிறது. பழைய பல் பிரஷ்ஷால் கண்ணி கண்ணியாகத் தேய்த்துக்கொண்டு போவதுதான் அந்த விடுமுறை முழுக்க அவனுக்கு வேலை.

'ஓவராயில்' என்று கடையில் சொல்லும் முழு சர்வீஸுக்கு வரும் சைக்கிளில் முதலில் கழல்வது செயின்தான். செயின் லாக்கைக் குறடால் தள்ளிக் கழற்றுவது கடைக்காரர், கழுவுவது பையன். துடைக்கத் திருப்பூரிலிருந்து மூட்டையாக வரும் பனியன் வேஸ்ட். வெயிலில் கொஞ்ச நேரம் தொங்கவிட்டு, ஒவ்வொரு உருளையிலும் ஒரு சொட்டு ஆயில் விட்டால் செயின் புதுச் செயின்போலச் சத்தமில்லாமல் ஓடும். சாயங்காலம் ஆனதும் தட்டைத் தூக்கிக்கொண்டு அவன் கேட்பான்: "ஏனுங்ணா, இதை என்ன பண்றதுங்?"

"சாக்கடைல ஊத்திட்டு வா கண்ணு."

காலையில் தெளிவாக இருந்தது அப்போது மைபோலக் கறுத்திருக்கும். சாக்கடை நீரின் மேல் அது வானவில் நிறத்தில் படர்ந்து நகர்ந்து போவதைப் பையன் நின்று பார்ப்பான். அழகாகத்தான் இருந்தது என்று இன்றைக்கும் சொல்கிறார் அவர். இப்போது அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் வேதியியல் ஆசிரியர். செயினை எதைக் கொண்டு கழுவுவது என்ற ஒரே கேள்வியைப் பல வருடங்கள் விடாமல் துரத்திய மனிதர்.

அந்தக் கேள்வி அவருக்குள் விழுந்த இடம் சைக்கிள் கடை அல்ல. அவருடைய ஊர் ஒரத்துப்பாளையத்துக்குப் பக்கத்தில். நொய்யல் ஆற்றின் குறுக்கே அங்கே அணை திறக்கப்பட்டது 1992-ல், அவர் கல்லூரியில் கால் வைத்த காலத்தில். பாசனத்துக்கென்று கட்டிய அணை, திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு வந்து தேங்கும் தொட்டியாக மாறியதை ஊரே கண்ணால் பார்த்தது. கிணறுகள் கரிப்பேறின. குடிக்க உதவாத தண்ணீர், பயிருக்கும் உதவாமல் போனது. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் அவற்றால் மறுபடி இயங்க முடிந்தது.

ஒரு சைக்கிள் கடைத் தட்டையும் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகளையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனால் சாக்கடையில் ஊற்றியது தொலைந்து போவதில்லை, கீழே யாரோ ஒருவருடைய கிணற்றுக்கு அது வந்து சேர்கிறது என்பதைப் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை அவருக்கு இல்லை.

நடுவில் பல வருடம் மோட்டார் சைக்கிள்தான். 2015-ல் சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று மருத்துவர் சொன்ன பிறகு ஒரு கியர் சைக்கிள் வாங்கினார். விடிகாலையில் 30, 40 கி.மீ. போகத் தொடங்கினார். கடையில் கழுவிய பழைய செயினுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் சீக்கிரமே தெரிந்தது. பழைய சைக்கிளில் தடித்த செயின், ஒரே பல்சக்கரம், மேலே கவர். செயின் தொய்ந்தால் பின் சக்கரத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்து அட்ஜஸ்டரை முறுக்கினால் போதும். கியர் சைக்கிளில் செயின் மெல்லியது, மூடி கிடையாது, பக்கவாட்டில் வளைந்து வளைந்து பல் மாறுகிறது. செம்மண் தூசி ஆயிலோடு சேர்ந்தால் பட்டறைக்காரர்கள் வால்வு தேய்க்கப் பயன்படுத்தும் பேஸ்ட் மாதிரி ஆகிவிடும். அது உருளைக்குள் புகுந்து பின்னை அரைக்கிறது. 'செயின் நீண்டுபோச்சு' என்கிறோமே, இரும்பு அங்கே நீள்வதில்லை. ஒவ்வொரு பின்னும் துளியளவு தேய்ந்து, அந்தத் துளிகளெல்லாம் கூடித்தான் நீளம் தெரிகிறது.

இதை அளக்க எந்தக் கருவியும் வேண்டாம், ஒரு இரும்பு ஸ்கேல் போதும். ஒரு பின்னின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு அரை அங்குலம். 24 கண்ணிக்குச் சரியாக 12 அங்குலம் வர வேண்டும். அதற்கு மேல் ஒரு வீசம், அதாவது பதினாறில் ஒரு பங்கு கூடினால் புதுச் செயின் வாங்கத் தயாராகலாம். அரைக்கால் அங்குலம் கூடும்வரை ஓட்டினால் பல்சக்கரமும் சேர்ந்து போய்விடும். ஆசிரியரின் முதல் செயின் ஒரே மழைக்காலத்தில் வீசத்தைத் தாண்டியது.

அந்த மழைக்காலத்தில்தான் ஒரு தவறையும் செய்தார். செயினில் துரு ஏறியிருந்தது. வீட்டில் கழிவறை கழுவும் ஆசிட் இருந்தது. அமிலம் இரும்பு ஆக்சைடைக் கரைக்கும் என்பது பாடத்தில் நடத்துவதுதானே. ஒரு மணி நேரம் ஊறப்போட்டார். துரு போய்ப் பளபளவென்று வெளியே வந்தது. நாலைந்து நாள் கழித்து, சென்னிமலைக் கோயிலுக்குப் போகும் மலைப்பாதையில் எழுந்து நின்று மிதிக்கும்போது செயின் பட்டென்று அறுந்தது. முழங்கால் தார்ச்சாலையில் உரசியது. வீட்டுக்கு வந்து அறுந்த முனையை லென்ஸ் வைத்துப் பார்த்தார். வெளித்தகடு இழுபட்டு நீளவில்லை. பின் போகும் ஓட்டையிலிருந்து கண்ணாடி விரிசல்போல நேராக வெடித்திருந்தது.

காரணம் அவருக்குத் தெரிந்த வேதியியல்தான். அமிலம் இரும்போடு வினைபுரியும்போது ஹைட்ரஜன் அணுக்கள் பிறக்கின்றன. அவை கடினப்படுத்திய எஃகுக்குள் நுழைந்து அதை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுவந்துவிடும். பளு ஏறும்வரை வெளியே எதுவும் தெரியாது. அன்றிரவு சைக்கிளோடு வந்த சின்னப் புத்தகத்தை முதல்முறையாகப் பிரித்தார். துரு நீக்கிகள் போன்ற அமில, கார வகைக் கரைப்பான்களைச் செயினுக்குப் பயன்படுத்தாதீர்கள், செயின் அறுந்து காயம் ஏற்படலாம் என்று செயினைத் தயாரித்த ஷிமானோ நிறுவனம் கொட்டை எழுத்தில் எச்சரித்திருந்தது. இதைப் படிக்கிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்: ஆசிட், காஸ்டிக் சோடா இரண்டையும் செயின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். காஸ்டிக் சோடா அலுமினிய கிராங்கையும் கறுக்கடித்துவிடும்.

அதற்குப் பிறகு கடையில் ஒரு பாட்டில் வாங்கினார். பச்சை மூடி, லேபிளில் இலை, 'இயற்கைக்கு உகந்தது' என்ற வாசகம். தண்ணீரில் கலந்து செயினைக் கழுவினால் பால்போல நுரைத்து அழுக்கைக் கரைத்துக்கொண்டு ஓடியது. மனதுக்கு நிம்மதியாக இருந்தது. அந்தப் பழுப்புத் தண்ணீரை வாசலில் ஊற்றக் குனிந்தபோது கை நின்றுவிட்டது. பாட்டிலில் இருந்தது இயற்கைக்கு உகந்ததாகவே இருக்கட்டும். செயினிலிருந்து வந்த பழைய ஆயிலும் இரும்புத்தூளும் எப்படி உகந்ததாகும்? அவற்றை யாரும் பாட்டிலில் அடைத்து விற்கவில்லை, அதனால் அவற்றுக்கு லேபிளும் இல்லை.

இந்தக் கேள்வியைத்தான் அவர் வகுப்புக்கு எடுத்துப் போனார். பிளஸ் ஒன் மாணவர்களுக்கு அரசு தரும் விலையில்லா மிதிவண்டிகள் பள்ளி மைதானத்தில் வரிசையாக நிற்கும். எல்லாம் ஒரே நிறம், ஒரே அழுக்கு. மாணவர் ஒருவர் மாற்றிப் போட்ட பழைய செயின் ஒன்றைப் பன்னிரண்டு பன்னிரண்டு கண்ணிகளாக ஐந்து துண்டு போட்டார்கள். ஐந்து பீக்கரில் 100 மி.லி. வீதம் ஐந்து திரவம்: மண்ணெண்ணெய், ஆரஞ்சுத்தோல் எண்ணெய் சேர்ந்த கிளீனர், தண்ணீரில் கலக்கும் பச்சை மூடிக் கிளீனர், பாத்திரம் கழுவும் திரவம், பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரில் கரைத்த அரப்புத்தூள். அரப்பைச் சேர்க்கச் சொன்னது ஒரு மாணவி. "எண்ணெய் தேச்சுக் குளிச்சா எங்க பாட்டி இதைத்தான் போடும், சார்" என்றாள். தலையில் இருக்கும் நல்லெண்ணெயை எடுப்பது செயினில் இருக்கும் ஆயிலை எடுக்குமா என்பது சரியான கேள்விதான்.

பத்து நிமிடம் ஊறல், இரண்டு நிமிடம் குலுக்கல். பிறகு ஒவ்வொரு துண்டையும் வெள்ளை பனியன் துணியில் வைத்து ஒரே இழுப்பு இழுத்தார்கள். வெளியே பார்ப்பதற்கு ஐந்தும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. வித்தியாசம் உள்ளேதான் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க சைக்கிள் கடையில் கற்ற இரண்டு வித்தைகளைக் கற்றுக்கொடுத்தார் ஆசிரியர். கண்ணியைக் காதருகே வைத்து மடக்கிப் பார், மணல் இருந்தால் நறநறவென்று பேசும். உருளையில் ஒரு சொட்டுப் புது ஆயில் விட்டுப் பத்து முறை மடக்கு, உள்ளே அழுக்கு இருந்தால் அந்தச் சொட்டு கறுத்து வெளியே வரும்.

மண்ணெண்ணெய்த் துண்டு பேசவில்லை, சொட்டு தேன் நிறத்திலேயே நின்றது. ஆரஞ்சு எண்ணெயும் அதற்குச் சளைக்கவில்லை. பச்சை மூடிக் கிளீனரில் சொட்டு சாம்பல் நிறமானது. வெந்நீரில் இன்னும் கெட்டியாகக் கலந்து இரண்டாம் முறை குலுக்கியபோது தெளிந்தது. பாத்திரத் திரவமும் இரண்டு முறை கேட்டது. அதோடு அலசிவிட்டு ஈரத்தோடு விட்ட அந்தத் துண்டில் பிறகு பார்த்தபோது செம்மஞ்சள் துரு பூத்திருந்தது. பாத்திரத் திரவங்கள் பலவற்றில் கெட்டிப்பதத்துக்காக உப்பு சேர்க்கிறார்கள். நன்றாக அலசிக் காயவைக்காவிட்டால் அது துருவுக்கு அழைப்பு. அரப்பு தகட்டின் மேலிருந்த பிசுக்கை அற்புதமாக எடுத்தது, பாட்டி சொன்னது பொய்யில்லை. ஆனால் இலைத்தூள் உருளைக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. அதை வெளியே எடுக்க இன்னொரு கழுவல் தேவைப்பட்டது.

செடியிலிருந்து வந்தால் தீங்கில்லை என்ற நம்பிக்கையையும் அன்று அவர் விட்டுவைக்கவில்லை. ஒரு கமலா ஆரஞ்சை உரித்து, தோலை தெர்மோகோல் துண்டின் மேல் மடக்கிப் பிழிந்தார். பீய்ச்சிய சாறு பட்ட இடமெல்லாம் குழி விழுந்தது. மெழுகுவர்த்தி முன்னால் பிழிந்தபோது சின்னச் சின்னப் பொறிகளாக எரிந்தது. அந்தச் சாற்றில் பெரும்பகுதி லிமோனின். ஆரஞ்சுச்சாறு தொழிற்சாலைகளில் மிஞ்சும் தோலிலிருந்து எடுப்பது. நல்ல கரைப்பான், நல்ல வாசனை. ஆனால் தீப்பற்றக்கூடியது, காற்றுப்பட்டுப் பழையதானால் சிலருக்குத் தோல் தடிக்கும். நீர்வாழ் உயிர்களுக்கு மிகவும் நச்சு என்றே அபாயக் குறியீட்டில் வகைப்படுத்தியிருக்கிறார்கள். பூந்திக்கொட்டையும் அப்படித்தான். அதன் நுரைக்குக் காரணமான சப்போனின் மீனின் செவுளைத் தாக்கும். அந்த இனத்துக் காய்களை நசுக்கிக் குட்டையில் போட்டு மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் உலகில் பல இடங்களில் இருந்திருக்கிறது.

'மட்கும்' என்ற சொல்லுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டு அமைப்பின் 301 வரிசைச் சோதனைகளில், கரியமில வாயுவாக மாறும் அளவை வைத்துப் பார்த்தால், 28 நாளுக்குள் 60 சதவீதமாவது சிதைய வேண்டும். அப்போதுதான் ஒரு பொருளை எளிதில் மட்குவது என்று சொல்லலாம். ஒரு லேபிள் இந்தச் சோதனையின் பெயரைச் சொன்னால் அது நம்பத்தக்க பேச்சு. இலைப் படம் மட்டும் இருந்தால் அது வெறும் படம்.

லேபிளில் இன்னொன்றையும் பார்க்கக் கற்றுக்கொடுத்தது அவருடைய பழைய மாணவர் ஒருவர், திருப்பூரில் பனியன் ஏற்றுமதி நிறுவனமொன்றின் பரிசோதனைக்கூடத்தில் இருப்பவர். "நோனைல்ஃபீனால் ஈத்தாக்சிலேட் இல்லைன்னு போட்டிருக்கான்னு பாருங்க, சார். எங்களுக்கு அதுதான் பெரிய தலைவலி" என்றார். அழுக்கு நீக்கும் தொழிற்சாலைச் சோப்புகளில் நெடுங்காலமாக இருந்துவந்த பொருள் அது. ஆற்றில் சிதையும்போது நோனைல்ஃபீனாலாக மாறி மீன்களின் ஹார்மோனைக் குழப்பும். துவைக்கும் துணியில் எடைக்கு 0.01 சதவீதம் இருந்தாலே விற்கக்கூடாது என்று 2021 பிப்ரவரி முதல் ஐரோப்பிய ஒன்றியம் தடுத்திருக்கிறது. பனியனுக்குப் பார்க்கிறதைச் செயின் கழுவும் பாட்டிலுக்கும் பார்ப்பதில் என்ன கஷ்டம்?

ஆனால் ஆசிரியரை ஒரு முடிவுக்குக் கொண்டுவந்தது ஜன்னலோரத்தில் மறந்து வைத்த இரண்டு பீக்கர்கள். வெள்ளிக்கிழமை சோதனை முடிந்து, திங்கட்கிழமை ஆய்வகத்தைத் திறந்தால், மண்ணெண்ணெய் பீக்கரில் கறுப்பெல்லாம் அடியில் சேறாகப் படிந்திருந்தது. மேலே இருந்தது மங்கலான தேநீர் நிறத்தில் தெளிந்த திரவம், மறுபடி பயன்படுத்தத் தயாராக. பச்சை மூடிக் கிளீனரின் பீக்கர் அப்படியே கலங்கிக் கிடந்தது. ஒரு வாரம் போயும் தெளியவில்லை. அதன் வேலையே அதுதான்: எண்ணெயை நுண்துளிகளாக உடைத்து, தண்ணீரை விட்டுப் பிரியாமல் பிடித்து வைத்திருப்பது. செயினைக் கழுவும்போது நமக்குப் பிடித்த அதே குணம், கழுவிய தண்ணீரிலிருந்து ஆயிலைப் பிரிக்க நினைக்கும்போது எதிராக நிற்கிறது. சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும் பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் அதற்கு ஒரு நியாயம் இருக்கலாம். திறந்த சாக்கடை ஓடைக்குப் போகும் ஊரில், அந்தக் கலங்கல் ஆயிலை இன்னும் தூரம் கொண்டுபோக மட்டுமே உதவும்.

இன்று அவர் வீட்டுத் தாழ்வாரத்தில் நடப்பது இதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் செயினைக் கழுவுவதே இல்லை. பனியன் வேஸ்ட்டில் ஒரு சொட்டு ஆயில் தொட்டு, பெடலைப் பின்னால் சுற்றிக்கொண்டே துடைப்பார். வாராவாரம் இது நடந்தால் கழுவும் தேவையே பாதியாகக் குறைந்துவிடுகிறது என்கிறார். மழையில் நனைந்த பிறகோ, காதில் நறநறப்பு கேட்டாலோதான் லாக்கைக் கழற்றுகிறார். அகன்ற வாய் பாட்டிலில் செயின், அது மூழ்குமளவுக்கு மட்டும் டர்பன்டைன். ரேஷனில் மண்ணெண்ணெய் அரிதான பிறகு பெயின்ட் கடையில் வாங்கியது. மூடி போட்டுக் குலுக்கல், திறந்த வெளியில், அடுப்பும் பீடியும் இல்லாத இடத்தில். பெட்ரோலைத் தொடுவதே இல்லை. சுழியத்துக்கு 40 டிகிரி கீழேகூட அதன் ஆவி பொறிபட்டால் பற்றும். மண்ணெண்ணெய்க்கு அந்த எல்லை 38 டிகிரியை ஒட்டி இருக்கிறது. சித்திரை வெயிலில் அதையும் நம்ப முடியாது.

அழுக்கான டர்பன்டைன் ஊறுகாய் ஜாடிக்குப் போகும். இரண்டு நாளில் தெளிந்ததும் மேலே உள்ளதை இறுத்து, அடுத்த முறை முதல் கழுவலுக்கு வைத்துக்கொள்வார். ஒரு லிட்டர் வாங்கினால் வருடம் தாண்டுகிறது. இரண்டாம் கழுவல் வெந்நீரில் இரண்டு மூடி கிளீனர், லேபிளை முழுக்கப் படித்து வாங்கியது. அதில் வரும் கொஞ்சம் சாம்பல் தண்ணீரை மரத்தூள் நிரப்பிய பெயின்ட் டப்பாவில் ஊற்றி வெயிலில் வற்றவிடுகிறார். அலசிய செயினைத் துணியில் உருவி, வெயிலில் காயவைத்து, உருளைக்கு ஒரு சொட்டு ஆயில் விட்டு, மேலே மிஞ்சியதைத் துடைத்துவிட்டால் வேலை முடிந்தது.

சமீபத்தில் மெழுகுக்கும் மாறிப் பார்த்திருக்கிறார். ஒருமுறை பிசுக்கு முழுவதும் போகக் கழுவிக் காயவைத்த செயினை, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த இன்னொரு பாத்திரத்தில் உருக்கிய பாரஃபின் மெழுகில் முக்கி எடுப்பது. நேரடித் தீயில் மெழுகை வைக்கவே கூடாது. மெழுகுச் செயினில் தூசி ஒட்டுவது குறைவு. அடுத்த முறை கொதிநீர் ஊற்றினாலே பழைய மெழுகு கழன்றுவிடுவதால் பிசுக்கு நீக்கியே தேவைப்படுவதில்லை. தொடர்மழை நாட்களில் மட்டும் அது சீக்கிரம் போய்விடுகிறது, துரு எட்டிப் பார்க்கிறது. அதனால் ஐப்பசி, கார்த்திகையில் மறுபடி ஆயில்.

ஜாடியின் அடியில் சேரும் கறுப்புச் சேற்றை வருடத்துக்கு ஒருமுறை பக்கத்து டூவீலர் ஒர்க்‌ஷாப்பின் கழிவு ஆயில் டிரம்மில் சேர்க்கிறார். கழிவு ஆயில் அபாயகரமான கழிவு, அதை அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் கொடுக்க வேண்டும் என்று மத்திய அரசின் 2016-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அந்த டிரம் அங்கேதான் போகிறது. முதல்முறை ஜாடியோடு போய் நின்றபோது ஒர்க்‌ஷாப் தம்பி, "இவ்வளவூண்டுக்கா வந்தீங், சார்?" என்று கேட்டுவிட்டு மூடியைத் திறந்துவிட்டார்.

உங்கள் தெருவிலும் அப்படி ஒரு டிரம் இருக்கும். செயினைக் கழுவுவதற்கு முன்பே அது எங்கே இருக்கிறது என்று விசாரித்து வையுங்கள்.